மூன்று குவளை பாகு

1

அந்த அழைப்பு வந்தபோது இருந்தவர்கள்:

மூட்டையின் வாயைத் தைக்கிற நான்.

எடை போடுகிற அண்ணன். எல்லோரும் அவரைத் தராசு என்றுதான் கூப்பிடுவோம்.

தைத்து அடுக்கிய நாற்பத்திரண்டு மூட்டை மாட்டு உப்பு.

சுவரில் மாட்டிய தொலைபேசி.

மறுமுனையில் ஒரு பெண். அவளுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு மாடு இருமியது.

இருந்திருக்க வேண்டியவர், இல்லாதவர்: ஃபார்முலாக்காரர். எந்த மாட்டுக்கு எதை எவ்வளவு கலக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர். அவர் ஒன்பது மணிக்குத்தான் வருவார்.

மணி காலை ஐந்து நாற்பது. ஆறுக்கு எங்கள் ஷிஃப்ட் முடியும். இந்தக் கதை பிறந்த இடம் அந்தத் தீவனத் தொழிற்சாலையின் மூட்டை அறை. இதைவிட நல்ல இடத்தில் பிறந்ததாகச் சொல்லலாம் என்று பார்த்தேன். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கிழித்தேன்.

நாங்கள் தைத்தது சினைமாட்டுக்கான உப்பு. கன்று போடுவதற்கு முந்தைய மூன்று வாரம் மட்டும் கொடுப்பது. மூட்டைமேல் ஒரு சீட்டு, சீட்டின் அடியில் ‘சந்தேகங்களுக்கு’ என்று ஒரு எண். பகலில் அந்த எண்ணுக்கு மாடியில் மணி அடிக்கும். மாடி பூட்டியிருந்தால் எங்கள் அறையில் அடிக்கும். யார் அப்படி இணைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் வேலை பார்த்த ஏழு மாதத்தில் அதற்கு முன் ஐந்து தடவை அடித்திருக்கிறது. ஐந்தும் தவறான எண்.

“மாட்டு உப்புக் கம்பெனிதானே?”

“ஆமா, சொல்லுங்க.”

“மாடு இதைத் திங்க மாட்டேங்குது தம்பி. மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. என்னமோ நான் அதுக்கு மாமியார் மாதிரி.”

“கசப்பு உப்பு அது. அப்படித்தான் இருக்கும்.”

“அதுக்குத்தான் கேக்குறேன். கொஞ்சம் பாகு ஊத்திக் கலந்தா தப்பில்லையே?”

பாகு என்றால் சர்க்கரை ஆலையில் மிச்சமாகிற கறுப்புப் பாகு. பீப்பாய்களில் வரும். மாட்டுக்கு உயிர். நான் தராசைப் பார்த்தேன். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

“தப்பில்ல. கலங்க. நல்லா திங்கும்.”

“நல்லாருங்க தம்பி.”

அவ்வளவுதான். தராசு, “யாரு?” என்றார். “மாட்டுக்காரம்மா” என்றேன். அடுத்த மூட்டையை எடுத்தேன்.

2

இரண்டாவது அழைப்பு இரண்டு மாதம் கழித்து. அதே நேரம், அதே குரல்.

“பாகு கேட்டேன்ல, நான்தான். தம்பி, மூட்டைக்குள்ள காகிதம் வெச்சிருக்கீங்கல்ல, மூத்திரத்துல தோச்சுப் பாக்குறதுக்கு, அது மஞ்சளாகணும்னு போட்டிருக்கு. ஆகவே மாட்டேங்குது. நீலத்துலயே நிக்குது.”

“உப்பு திங்குதா?”

“அதெல்லாம் அமோகமா திங்குது. தொட்டிய நக்கிச் சுத்தம் பண்ணிடுது. ஆனா ரெண்டு மாடு கன்னு போட்டு, ரெண்டும் விழுந்துடுச்சு. ஒண்ணு ஊசியில எந்திரிச்சுது. ஒண்ணு போயிடுச்சு.”

கையிலிருந்த ஊசியை மூட்டையில் குத்தி வைத்தேன்.

“அடுத்தது இருபத்தேழாம் நம்பர். இன்னும் இருபது நாள்ல போடும். அதுவும் விழுந்தா வேற ஆள் பாத்துக்குறோம்னு சொல்லிட்டாங்க. பதினோரு வருஷமா இங்கதான் தம்பி கலக்குறேன். எனக்கு வேற என்ன தெரியும்?”

“பாகு எவ்வளவு ஊத்துறீங்க?”

“மொதல்ல ஒரு மக். இப்ப மூணு.”

“கேட்டுச் சொல்றேன்” என்று அவள் எண்ணை ஒரு சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன். ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் ஒன்பது மணிவரை உட்கார்ந்திருந்தேன். ஃபார்முலாக்காரர் வந்து, பையை வைத்து, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார். கேட்டேன்.

“கன்னு போடப்போற மாட்டுக்குச் சுண்ணாம்புச்சத்தை அள்ளி அள்ளிக் குடுத்தா என்ன ஆகும், சொல்லு.”

“தெம்பா இருக்கும் சார்.”

“விழுந்துடும்” என்றார், பிஸ்கட்டைக் கடித்தபடி. “எலும்புல சுண்ணாம்பு மலையாட்டம் கெடக்கு. கன்னு போட்ட அன்னிக்குச் சீம்பால்ல அம்புட்டும் எறங்கும். ரத்தத்துல இருக்குறது ஒரு வாளி பாலுக்குக் காணாது. அப்ப எலும்புல இருந்து எடுக்கணும். எலும்பைக் கூப்பிட ஒரு சுரப்பு இருக்கு. ரத்தத்துல காரம் ஏறியிருந்தா அது கூப்பிடுறது எலும்புக்குக் கேக்காது. நம்ம உப்பு ரத்தத்தை லேசா அமிலப் பக்கம் தள்ளும். லேசாத்தான். ஆனா எலும்புக்குக் காது தெறந்துடும்.”

“பாகு கலந்தா?”

பிஸ்கட் நின்றது. “பாகுல நூறு கிலோவுக்கு மூணு நாலு கிலோ பொட்டாசியம் இருக்குய்யா. உப்பு இந்தப் பக்கம் தள்ள, அது அந்தப் பக்கம் இழுக்கும். ஒரு மக்னாலே பாதி போச்சு.”

“மூணு மக்?”

“உப்பைக் குப்பையில கொட்டலாம். யாரு கலக்கச் சொன்னது?”

“தெரியல சார்.”

“இப்பவே நிறுத்தச் சொல்லு. உப்பு வேலை செய்யப் பத்து நாளாவது வேணும்.”

சரி என்றேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டால், கலக்கச் சொன்னது யார் என்ற கேள்வி அங்கேயும் வரும். அந்த வாரத்தோடு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அதற்கு வேறு காரணங்களும் உண்டு. எழுதினால் நீங்கள் என் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள் என்பதால் எழுதவில்லை.

கூப்பிடுவதற்குப் பதிலாக இதை எழுத ஆரம்பித்தேன். இருபத்தேழாம் எண் கன்று போட இன்னும் பதினாறு நாள்.

3

முதல் தொடக்கம்:

‘பனி விலகாத அந்த அதிகாலையில், மாட்டுக்கொட்டகையின் மங்கிய விளக்கொளியில், அவள் தன் கைகளை’ —

வேண்டாம். கையை வைத்து என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கொட்டகையை நான் பார்த்ததும் இல்லை. ஒரு குரலும் ஒரு இருமலும்தான் என்னிடம் இருந்தது.

இரண்டாவது தொடக்கம்:

‘பால் காய்ச்சல் என்பார்கள். காய்ச்சல் கிடையாது. உடம்பு சூடாவதற்குப் பதிலாகச் சில்லிட்டுப்போகும். காது முதலில் குளிரும். பிறகு பின்கால் தள்ளாடும். பிறகு மாடு உட்கார்ந்து, கழுத்தை மடித்து, தலையைத் தன் விலாவின்மேல் சாய்த்துக்கொண்டு, தூங்குவதுபோல் செத்துப்போகும்.’

இது சரியாக இருக்கிறது. ஆனால் கதை இல்லை. சீட்டில் அச்சடிக்கலாம்.

(இரண்டாவது தொடக்கத்துக்காகப் படிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் போய்விட்டது. புல்லிலும் வைக்கோலிலும் பொட்டாசியம் நிறைய. ஆகவே மாட்டின் மூத்திரம் இயல்பிலேயே காரம், காகிதத்தில் நீலம். பூனை கறி தின்கிறது, மஞ்சள். அதே பூனைக்குத் தப்பான தீவனத்தைக் கொடுத்துக் காரமாக்கினால் மூத்திரப் பையில் கல் கட்டுகிறது. வெயிலில் இரைக்கிற கோழி மூச்சோடு அமிலத்தை வெளியே விட்டுவிடுவதால் அதன் முட்டை ஓடு மெலிந்துபோகிறது. ஒரு பிராணி எதைத் தின்றது என்பது கடைசியில் அதன் எலும்பில், ஓட்டில், கல்லில் போய் எழுதப்படுகிறது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது ஒரு டப்பா காகிதம் கொண்டுவந்திருந்தேன். என்னுடையதிலும் தோய்த்துப் பார்த்தேன். மூன்று நாள் முட்டையும் கறியுமாகத் தின்றேன்: நல்ல மஞ்சள். அடுத்த மூன்று நாள் வாழைப்பழமும் கீரையும்: பச்சை தாண்டி நீலத்துக்குப் போனது. ஆறு நாள் இதில் போயிற்று. பத்து நாள் மிச்சம். அன்றைக்குக்கூடக் கூப்பிட்டிருக்கலாம்.)

4

மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொண்டேன். அதில் அவளுக்குக் கலவைக்காரி என்று பெயர்.

கலவைக்காரிக்கு மாட்டின் வாலுக்குக் கீழே எந்த இடத்தில் விரலை வைத்து மேலும் கீழும் தடவினால் அது மூத்திரம் விடும் என்று தெரியும். இருபத்தேழாம் எண்ணுக்கு நிதானமாக நாற்பது தடவை தடவ வேண்டும். அவசரப்பட்டால் வாலைச் சுழற்றி முகத்தில் அடிக்கும். அவள் ஒரு கையில் தகரக் குவளையைப் பிடித்து, மறுகையால் தடவி, மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

“என்ன அண்ணி, மூத்திர ஜோசியம் ஆரம்பிச்சாச்சா?” என்றான் கொழுந்தன். அவள் புருஷனின் தம்பி. அதே பண்ணையில் பால் கறக்கிறவன். “நமக்கு எப்ப நல்ல காலம்னு கேட்டுச் சொல்லுங்க.”

“வாய மூடு. முப்பத்திரண்டுல இருக்கேன்.”

“முப்பத்திரண்டு என்ன, நூத்துல நின்னாலும் அது நீலம்தான்.”

முப்பத்தெட்டில் மாடு முதுகை வளைத்தது. நடுவில் வருவதைப் பிடித்து, காகிதத்தைத் தோய்த்து, வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள். நீலம்.

“அடுத்த வாரத்துல இருந்து கலவை ரூம் எனக்குன்னு பேசிக்கிறாங்க அண்ணி” என்றான் அவன். குரலில் கேலி இல்லை. “நான் கேக்கல. அவங்களா சொன்னாங்க.”

“குடுத்தா வாங்கிக்கோ.”

“எனக்குக் கலக்கத் தெரியாதே.”

“எனக்கு மட்டும் தெரிஞ்சா கிழிச்சேன்?”

அவள் காகிதத்தைச் சுவரில் ஒட்டினாள். பதினொன்றாவது காகிதம். பதினொன்றும் வரிசையாக நீலமாக நின்றன. எதனால் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். வேலை போவது ஒரு பக்கம். ஒரு காகிதம் தன்னைப் பார்த்துப் பதினொரு நாளாக இல்லை இல்லை என்று சொல்வது இன்னொரு பக்கம். அன்றைக்கே வைக்கோலை மாற்றினாள். நீலம். கிணற்றுத் தண்ணீரை விட்டுக் குழாய்த் தண்ணீர் வைத்தாள். நீலம். மாடு நக்குகிற தாது உப்புக் கட்டியை எடுத்துவிட்டாள். நீலம். ஒரு நாளுக்கு ஒன்றுதான் மாற்றுவாள். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.*

* இங்கே என் கை ஓங்கியிருக்கிறது. ‘யாரும் சொல்லித்தரவில்லை’ என்பது அவளைப் பெரிய ஆளாக்க நான் போட்ட வரி. அவள் பெரிய ஆளானால் நான் தேவைப்பட மாட்டேன். அடித்துவிடலாம். அடிக்காமல் விடுகிறேன், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

5

இங்கேதான் கதை நின்றது.

வைக்கோல், தண்ணீர், கட்டி எல்லாம் முடிந்தது. அடுத்து அவள் பாகை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மூன்றாம் நாள் காகிதம் பச்சையாகும், அவள் கண்டுபிடித்துவிடுவாள், இருபத்தேழு எழுந்து நிற்கும், நானும் நிம்மதியாகத் தூங்குவேன். அதை எழுத உட்கார்ந்தேன்.

‘கலவைக்காரி பாகுப் பீப்பாயின் முன்னால் போய் நின்றாள்.’

நின்றாள். அதற்குமேல் போகவில்லை. கொழுந்தனைக் கொண்டுவந்து கேட்கவைத்தேன்.

“இந்தப் பாகு ஏதாச்சும் பண்ணுமோ அண்ணி?”

“பாகு ஒண்ணும் பண்ணாது. நான் கம்பெனியிலயே கேட்டுட்டேன்.”

வேறு மாதிரி கேட்கவைத்தேன்.

“ஒரு நாள் ஊத்தாம பாப்பமே?”

“ஊத்தாட்டி உப்பைத் திங்காது. உப்பைத் திங்காட்டி விழும். அவங்களே ஊத்தச் சொல்லியிருக்காங்க. படிச்சவங்க சொல்றதை விட்டுட்டு உன் பேச்சைக் கேக்கவா?”

எந்தப் பக்கம் திருப்பினாலும் அவள் அதையே சொன்னாள். உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற ஒரு பெண்ணை உருவாக்கிவிட்டு, சந்தேகப்பட வேண்டிய ஒன்றை மட்டும் நான் முன்கூட்டியே அவளிடமிருந்து எடுத்துவைத்திருந்தேன். கதைக்குள் ஒரு கால்நடை மருத்துவரைக் கூட்டிவந்து சொல்லவைக்கலாம். கூட்டிவந்தேன். அவர் பையைத் திறப்பதற்குள் அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் சொல்வது ஃபார்முலாக்காரர் சொன்னதுதான். அவர் வாய் வழியாக நான் சொல்வது. அவ்வளவு சுற்றிச் சொல்வதற்கு ஒரு எண்ணைச் சுழற்றலாம்.

சரி, மாட்டின் காது குளிர்ந்ததை அவள் இருட்டில் தொட்டு —

வேண்டாம்.

ஐந்து நாள் மிச்சம்.

6

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாவது. இருபத்தேழு கன்று போடுகிறது. மூன்று மணி நேரத்தில் காது குளிர்கிறது, விழுகிறது. ஊசி போடுகிறார்கள். சுண்ணாம்பு மருந்து புட்டியைச் சுடுதண்ணீரில் வைத்துச் சூடாக்கி, இரத்தக்குழாயில் மெல்ல மெல்ல விட வேண்டும். அவசரப்பட்டால் இதயம் நின்றுவிடும். அவசரப்படுகிறார்கள். இந்த முடிவில் கலவைக்காரி அழ மாட்டாள். உப்பு மூட்டையிலிருந்து சீட்டைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். எனக்கு இது பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதால் நம்ப முடியவில்லை. ஒரு மாடு செத்தால் கதைக்கு எடை கூடும் என்று எனக்குள் ஒரு தராசு சொல்கிறது.

இரண்டாவது. கொழுந்தன் அவளுக்குத் தெரியாமல் பாகைத் திருடி விற்கிறான். அதனால் அளவு குறைந்து, மாடு பிழைக்கிறது. திருட்டால் விளைந்த நன்மை. வாசகர் சிரிப்பார். இரண்டு நாள் இது நன்றாக இருப்பதாக நினைத்தேன். பிறகு, ஒரு பாவமும் அறியாத ஒருவனை என் வசதிக்காகத் திருடனாக்குகிறேன் என்று பட்டது. அவன் இருக்கிறானா என்றுகூடத் தெரியாது. இருந்தாலும் அவன் நான் எழுதிய கொழுந்தன் இல்லை.

மூன்றாவது. உப்புக் கம்பெனியில் மூட்டை தைத்தவன் ஒருநாள் கூப்பிட்டு உண்மையைச் சொல்கிறான். இதற்கு ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தேன்.

‘அவன் எண்ணைச் சுழற்றினான்.’

இந்த வரியில் ஒரு குறையும் இல்லை. நான்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெந்த வரிக்கும் தோன்றாதது இதற்குத் தோன்றியது: இதை எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

7

சுழற்றினேன். ஐந்து தடவை அடித்து நின்றது. மறுபடி. நான்காவது மணியில் ஒரு ஆள் எடுத்தான். மூச்சு வாங்கியது.

“யாரு?”

“உப்புக் கம்பெனியில இருந்து பேசுறேன். அந்தம்மா இருக்காங்களா? தீவனம் கலக்குறவங்க.”

“அக்கா மாட்டுக்கிட்ட இருக்கு. என்ன விஷயம்?”

அக்கா என்றான். ஆக அவன் கொழுந்தன் இல்லை, தம்பி. கதையில் ஒரு பிழை.

“பாகு விஷயமா. இருபத்தேழாம் நம்பருக்கு...”

“கையெல்லாம் ரத்தம் எனக்கு, இப்பப் பேச முடியாது. சொல்றதா இருந்தா நேர்ல வந்து சொல்லுங்க.” வழி சொன்னான். இரண்டு பேருந்து, பிறகு நடை. வைத்துவிட்டான்.

இரத்தம் என்றால் கன்று என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் கணக்கில் இன்னும் ஒரு நாள் இருந்தது. இரண்டாவது பேருந்தில் நின்றுகொண்டே, சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். ஐந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் தராசு கொட்டாவி விட்டதை எப்படியாவது நுழைத்துவிட்டேன்.

8

இனி வருவதில் நான் எதையும் மாற்றவில்லை. மாற்றத் தோன்றிய இரண்டு இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பண்ணை சின்னது. தகரக் கூரை, கழுவிய சிமென்ட் தரை, கோணலான ஒரு கதவு. கதவுக்கு வெளியே கவிழ்த்த வாளிமேல் ஒரு பெண் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தாள். அறுபது வயது இருக்கும். நான் நாற்பது என்று எழுதியிருந்தேன். வலதுகை தோள்வரை ஈரம். சுவரில் காகிதம் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. (முதல் இடம். ஒட்டிவிடலாமா என்று இருந்தது.)

“கம்பெனியில இருந்து வரேன்” என்றேன். “அன்னிக்குப் பாகு கலக்கச் சொன்னது நான்தான்.”

“தெரியுது. கொரல் அதேதான்” என்றாள். “தம்பின்னு கூப்பிட்டேன். நெஜமாவே பொடியனாத்தான் இருக்கீங்க.”

“அது தப்பு. கலக்கக் கூடாது. பாகுல இருக்குற சத்து உப்பு செய்யுற வேலையக் கெடுத்துடும். நான் அங்க மூட்டை தைக்குற ஆள். எனக்கு அது தெரியாது. தெரிஞ்சப்புறமும் ரெண்டரை வாரம் சொல்லாம இருந்துட்டேன்.”

அவள் அடுத்த பூட்ஸைக் கழற்றினாள்.

“பாகு நின்னு எட்டு நாள் ஆச்சு” என்றாள்.

“யாரு சொன்னாங்க?”

“யாரும் சொல்லல. பீப்பாய் காலி. லாரி வரல. வெறும் உப்பைப் போட்டேன், பாதியத் தின்னுட்டுப் பாதியத் தள்ளுச்சு. மூணாம் நாள் காகிதம் பச்சை. அஞ்சாம் நாள் எலுமிச்சை நெறம். சரி, இந்தப் பாகுதான் நம்மள இத்தனை நாளா ஏமாத்தியிருக்குன்னு புரிஞ்சுபோச்சு. மறுநாள் லாரி வந்துது. எறக்காதேன்னு திருப்பி அனுப்பிட்டேன்.”

ஐந்து நாள் ஒரு பீப்பாயின் முன்னால் அவளை நிறுத்திவைத்து என்னென்னமோ பேசவைத்தேன். பீப்பாய் என்றால் ஒருநாள் காலியாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“உங்களுக்குச் சொல்லணும்னு கூப்பிட்டேன்” என்றாள். “வேற யாரும் இப்படிக் கேட்டா கலக்கச் சொல்லிடாதீங்கன்னு. ஒரு குண்டுக் கொரல் எடுத்துது. அந்தப் பையன் வேலைய விட்டுட்டான்னு சொல்லுச்சு.”

அவள் தம்பி கதவைத் திறந்து தலையை நீட்டினான். ஐம்பது வயது. சட்டையில் கன்றின் ஈரம்.

“அக்கா, வா. எந்திரிக்கப் பாக்குது.”

“பாக்குதா, எந்திரிச்சுதா?”

“பாக்குதுன்னுதானே சொல்றேன்.”

“காது?”

“நீயே வந்து தொட்டுப் பாரு. எனக்குச் சில்லுன்னு இருக்குற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. காலையில இருந்து என் கையே சில்லுன்னுதான் இருக்கு.”

“டாக்டர்?”

“வழியில இருக்காராம். அவரு எப்பவும் வழியிலதான் இருப்பாரு.” என்னைப் பார்த்தான். “இவருதானா அவரு?”

“இவருதான்.”

“மூணு மக் ஊத்தச் சொன்னவரு?”

“கொஞ்சம்னுதான் கேட்டேன். மூணு ஊத்துனது நான்” என்றாள் அவள். (இரண்டாவது இடம். இந்த வரியை எடுத்துவிட நினைத்தேன். என்னை அது காப்பாற்றுகிறது. ஆனால் அவள் சொன்னாள்.)

அவள் ஈர பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்தாள். கதவுக்குப் போகும்முன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டியவள் பார்க்கிற பார்வை.

“கன்னு ஒரு நாள் முந்திடுச்சு. எட்டு நாள்தான் கெடைச்சுது. அதுலயும் உப்பைப் பாதிதான் தின்னுச்சு. எலுமிச்சை நெறம் மூணு நாள் நின்னுது. இது போதுமா தம்பி? எந்திரிச்சு நிக்குமா?”

பத்து நாளாவது வேண்டும் என்று ஃபார்முலாக்காரர் சொல்லியிருக்கிறார். அரைகுறையாகக் காது திறந்த எலும்புக்கு எவ்வளவு கேட்கும் என்று அவர் சொல்லவில்லை. நான் படித்த எதிலும் எட்டு நாளும் பாதி உப்பும் என்று ஒரு கணக்கு இல்லை. இருந்தாலும் என் வாயில் ஒரு பதில் வந்து நின்றது. நல்ல பதில். அதைக் கேட்டால் அவள் தெம்போடு உள்ளே போவாள்.

“தெரியாது” என்றேன்.

“ம்” என்றாள். “இதைச் சொல்ல வந்ததே போதும். நீங்க வெளியிலயே இருங்க. கன்னு போட்ட மாட்டுக்கிட்ட புது ஆள் நின்னா மெரளும். அது எந்திரிக்கும்போது மெரளக் கூடாது.”

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. நான் எழுதி வைத்திருந்த மூன்றில் ஒன்றை எடுத்து இங்கே ஒட்டலாம். ஒட்டினால் அது மறுபடியும் மூட்டை அறையிலிருந்து சொல்லப்பட்ட பதிலாகத்தான் இருக்கும். உங்களுக்குத் தெரிய வேண்டியது எல்லாம் இப்போது உங்களுக்குத் தெரியும்: எட்டு நாள், பாதி உப்பு, எலுமிச்சை நிறம், குளிர்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு காது, வழியில் இருக்கிற ஒரு மருத்துவர். எனக்கும் இவ்வளவுதான் தெரியும்.

அவள் தலையைக் குனிந்து உள்ளே போனாள். அந்தக் கதவில் தாழ்ப்பாள் நிற்காது; எழுந்திருக்கிற மாடு முட்டினால் திறந்துகொள்ளும். அதனால் அவள் தம்பி அதைத் தூக்கிப் பிடித்துச் சாத்தினான். உள்ளே சங்கிலி கோக்கும் சத்தம் கேட்டது. பிறகு பூட்டு விழுந்தது.